முதல் வாசகர்: காவிரிக்கரையில் கதை பழகியவர்கள்

1936-ஆம் ஆண்டு 'மணிக்கொடி'யில் 'சிட்டுக்குருவி' என்றொரு சிறுகதை வெளிவந்தது. எழுதியவருக்கு வயது பதினாறு. கும்பகோணத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். பட்டும் ஜரிகையும் புழங்கிய சூழலில் வளர்ந்தவர். பின்னாளில் 'நித்யகன்னி', 'வேள்வித் தீ', 'காதுகள்' நாவல்களை எழுதி 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராம்தான் அந்தப் பையன்.

அதே 1936-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கதையும் கவிதையும் எழுதப் பழக்கும் பட்டறை ஒன்று தொடங்கியது. மக்காச்சோளம் விளையும் அந்தப் பிரதேசத்தில் எழுத்துக்கென்று பாடத்திட்டம், ஆசிரியர், பட்டம் எல்லாம் ஏற்பட்டன. காவிரிப் படுகையின் நெல் நாட்டில் அப்படியொரு வகுப்பறை அன்று இல்லை. ஆனால் கும்பகோணத்தையும் அதைச் சுற்றிய சில ஊர்களையும் சேர்த்து ஒரு வட்டம் வரைந்தால், 1930-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தில் அதற்குள் நடமாடியவர்களின் பட்டியல் வியக்க வைக்கிறது: ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், மௌனி, க.நா. சுப்ரமண்யம், எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, சுவாமிநாத ஆத்ரேயன். தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றில் இவர்களை எடுத்துவிட்டால் பாதிப் பக்கம் காலியாகிவிடும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் காவிரித் தண்ணீர். தண்ணீர், சங்கீதம், கோயில், வெற்றிலைச் சீவல் என்று அடுக்கிவிட்டால் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கலை தானாக வந்துவிட்டதாகப் பேச்சு முடிந்துவிடும். ஊர்ப் பெருமைக்கு இது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. அதே தண்ணீரைக் குடித்த பல லட்சம் பேர் ஒரு வரியும் எழுதவில்லை. புதிதாக எழுத வந்த ஒருவன் தன் முதல் கதையை யாரிடம் காட்டினான், காட்டியபின் என்ன நடந்தது, அடுத்த கதையை எழுத அவனுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? இவற்றைத்தான் கேட்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில், பொறுமையும் கண்டிப்பும் உள்ள ஒரு முதல் வாசகர் இருந்ததே அந்த எழுத்தாளர்களை உருவாக்கியது. அந்த நடைதூரம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

முதலில் காலத்தைப் பார்க்கலாம். 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் வரும் தேதியை முன்கூட்டியே அறியக்கூடிய காலம் வந்தது. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் நெல்லின் விலையைக் கீழே தள்ளியிருந்தது. நிலத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை. பி.ஏ. படித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இளைஞன் அன்றைய தஞ்சை ஜில்லாவின் எல்லா ஊரிலும் இருந்தான். அவன் கையில் நேரம் இருந்தது, மனத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன, மாலையில் நடக்கக் காவிரிக்கரை இருந்தது.

அந்தப் படிப்பைக் கொடுத்தது கும்பகோணம் அரசுக் கல்லூரி. 1854-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியானது. காவிரியின் கரையிலேயே நிற்பது. உ.வே. சாமிநாதையர் இங்கே தமிழாசிரியராக இருந்த காலத்தில்தான் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, சீவக சிந்தாமணியைத் தேடிப் பதிப்பித்தார். பழந்தமிழ் ஏடுகள் அச்சுக்கு வந்த அதே ஊரில் அடுத்த இரண்டு தலைமுறைக்குள் நவீனச் சிறுகதை வேரூன்றியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது மிகை. ஆனாலும் புத்தகத்துக்காக ஒருவர் இன்னொருவர் வீட்டுப் படியேறும் பழக்கம் அந்த ஊருக்குப் பழையது என்ற அளவில் சொல்லலாம்.

பிச்சமூர்த்தி 1900-இலும் கு.ப.ரா. 1902-இலும் கும்பகோணத்தில் பிறந்தவர்கள். சேர்ந்தே படித்து, சேர்ந்தே எழுதி, 'கும்பகோணம் இரட்டையர்' என்று பெயரெடுத்தவர்கள். பிச்சமூர்த்தி வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரியானார். கு.ப.ரா. வருவாய்த் துறையில் தாலுகா அலுவலக வேலை பார்த்தார். மௌனி சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்தினார். வெங்கட்ராமுக்கு ஜரிகை வியாபாரம். ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வானொலிக்குப் போனார். கரிச்சான் குஞ்சுவும் வாத்தியார்தான். ஒருவருக்கும் எழுத்து நிலையாகச் சோறு போடவில்லை. தொழில் வேறு, எழுத்து வேறு என்ற இந்தப் பிரிவினால் அவர்களுக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. கதை நீளமா, குட்டையா, விற்குமா என்ற கவலையை ஒதுக்கிவிட்டு, கதை நன்றாக வந்திருக்கிறதா என்பதை மட்டும் கேட்க முடிந்தது. கேட்பதற்கு ஆளும் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

எழுதியதை வெளியிட ஓரிடம் வேண்டும் அல்லவா? 1933 செப்டம்பரில் ஸ்டாலின் சீனிவாசனும் வ.ரா.வும் டி.எஸ். சொக்கலிங்கமும் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-இல் பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைக்கென்றே ஆன இதழாயிற்று. வ.ரா.வும் இந்த நாட்டுக்காரர்தான். திருவையாற்றுக்குப் பக்கத்துத் திருப்பழனம். ராமையா செய்த பெரிய காரியம், ஆள் தேடிப் போனது. செம்மங்குடியில் பிறந்து, கணிதம் படித்து, கும்பகோணத்தில் வாழ்ந்துகொண்டிருந்த மணி என்ற இளைஞரை எழுதத் தூண்டி, கதையை வாங்கி, 'மௌனி' என்று பெயரும் சூட்டியவர் அவர். ஆசிரியர் தேடிப் போயிராவிட்டால் மௌனியின் கதைகளில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதியதே இரண்டு டஜன் கதைகள்தான்.

அந்தக் கதைகளைப் பற்றிய பழைய சர்ச்சை ஒன்று நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியது. மௌனியின் கைப்பிரதிகளைச் செப்பனிட்டதில் தமக்குப் பங்குண்டு என்று எம்.வி. வெங்கட்ராம் பின்னாளில் எழுதினார். மௌனியை ஒரு சித்தரைப்போல வழிபட்டவர்களுக்கு இது வலித்தது. யார் பக்கம் உண்மை என்று நிறைய விவாதம் நடந்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. ஒருவருடைய கைப்பிரதி இன்னொருவர் மேசைக்குப் போய்த் திருத்தங்களோடு திரும்பி வரும் வழக்கம் அந்த வட்டத்தில் இயல்பாக இருந்தது என்பதே எனக்கு முக்கியம். எழுத்தாளன் தனியறையில் உட்கார்ந்து அருள்வந்து எழுதுகிறான் என்ற படத்தைக் கும்பகோணத்து நடைமுறை பொய்யாக்குகிறது. வங்காளத்தில் 1923-இல் தொடங்கிய 'கல்லோல்' இதழைச் சுற்றியும் இதுதான் நடந்தது. அங்கே அரட்டைக்கு இலக்கியத்தில் ஓர் அந்தஸ்து உண்டு. நாம் நம் அரட்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வட்டத்தின் மையம் கு.ப.ரா. அவரிடம் சற்று நிற்க வேண்டும்.

முப்பது வயதைக் கடந்ததும் கண்புரை அவர் பார்வையை மறைத்தது. அரசாங்க வேலையை விட்டார். பார்வை மங்கியிருந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை கு.ப. சேது அம்மாள். அண்ணனின் வாக்கியம் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லை வைத்துவிட்டு உடனே வேண்டாமென்று எடுக்கிறார், பாத்திரம் பேசுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறது என்பதையெல்லாம் கைவழியாக அறிய வாய்த்த இடம் அது. சேது அம்மாள் தாமும் சிறுகதை எழுத்தாளரானார். அன்றைய பெண்ணுக்கு ஆற்றங்கரைப் பேச்சில் இடமில்லை. கல்லூரி நண்பர் கூட்டத்திலும் இடமில்லை. அண்ணனுக்குப் படியெழுதும் வேலை, வீட்டைவிட்டு வெளியே போகாமலே கிடைத்த பயிற்சியாயிற்று. தமிழ் இலக்கிய வரலாறுகள் இதை ஒரு வரியில், உதவி என்ற தலைப்பில் தள்ளிவிடுகின்றன. நான் இதைப் படிப்பு என்றே சொல்வேன்.

சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது. கு.ப.ரா. சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் எழுதினார், எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து பாரதி மகாகவிதான் என்று வாதிட்டுக் 'கண்ணன் என் கவி' எழுதினார். பத்திரிகைப் பிழைப்பு நிலைக்காமல் 1940-களின் தொடக்கத்தில் கும்பகோணத்துக்கே திரும்பினார். அந்தக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள் அவருக்குக் கஷ்ட காலம், உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் அவரைச் சூழ்ந்ததும் அப்போதுதான். வெங்கட்ராம், ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, ஆத்ரேயன் எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள். அவருக்கு நாற்பது. பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அவர் டால்ஸ்டாயையும் தாகூரையும் மாப்பசானையும் கரைத்துக் குடித்தவர், ஸ்டீவன்சனைத் தமிழாக்கியவர், சம்ஸ்கிருதமும் வங்காளியும் அறிந்தவர். எதை வாசிக்க வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்லக்கூடிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் இளைஞர்கள் என்ன கற்றார்கள்? அபிப்பிராயங்களைத் தேடுவதைவிடக் கதைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கு.ப.ரா.வின் 'விடியுமா?' ஓர் இரவு ரயில் பயணம். சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் அவள் தம்பியும் ரயிலேறுகிறார்கள். கதையில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடப்பதில்லை. வண்டி நிற்கிறது, புறப்படுகிறது. நம்பிக்கை வருகிறது, போகிறது. பக்கத்துப் பயணிகள் ஏதோ கேட்கிறார்கள். விடியும்போது செய்தி உறுதியாகிறது. அப்போது அவள் முகத்தில் துக்கத்தோடு தெரிகிற இன்னொன்றை, இரவெல்லாம் அழுத்திய சந்தேகம் நீங்கிய அமைதியை, கு.ப.ரா. காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தத் தாம்பத்தியம் எப்படிப்பட்டது என்று ஒரு நாவல் அளவுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' சில ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு ரயில் கதை. அப்பாவும் சின்னப் பையனும் ஊர் திரும்புகிறார்கள். அதே பெட்டியில், கல்கத்தாவில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்காகப் போகும் சின்னஞ்சிறு பெண். பையன் ஆசையோடு காப்பாற்றி வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. மூடிய பெட்டி, முன்பின் அறியாத பயணிகள், போய்ச் சேருமிடத்தைப் பற்றிய பயம், எல்லாவற்றையும் தாங்கும் ஒரு சின்னச் செய்கை என்று பார்த்தால் அச்சு குருவினுடையது. ஆனால் சீடன் வேறு ஒன்றைச் செய்கிறான். கு.ப.ரா.வின் பெட்டியில் மௌனம் நிறைந்திருக்கிறது. ஜானகிராமனின் பெட்டியில் பேச்சு நிறைந்திருக்கிறது. அந்தப் பெண் தனக்கு என்னென்ன வீட்டு வேலை தெரியும் என்று பெருமையாக, சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். சொல்லச் சொல்ல நமக்கு நெஞ்சு அடைக்கிறது. சொல்லாமல் விடுவதைக் குருவிடம் கற்றவர், பேச வைத்தே சொல்லாமல் விடுவதைத் தாமாகக் கண்டுபிடித்தார். தமிழில் உரையாடலை ஜானகிராமன் அளவுக்கு உயர்த்தியவர் எவருமில்லை என்பது என் கணிப்பு. அந்த உரையாடல் கும்பகோணத்துத் தெருவில் காதால் பிடித்தது; அதை எங்கே நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கு.ப.ரா.விடம் பிடித்தது.

சங்கீதத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஜானகிராமன் முறையாகக் கர்நாடக சங்கீதம் பயின்றவர். 'மோகமுள்'ளின் ரங்கண்ணாவும் 'செய்தி' கதையின் நாகஸ்வர வித்துவானும் கற்பனையிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்லர். குருவின் எதிரில் உட்கார்ந்து, அவர் பாடுவதைக் கேட்டு, திரும்பப் பாடி, தப்பென்று தலையசைத்தால் மறுபடி பாடும் முறை அந்த ஊரில் இரத்தத்தில் ஊறியது. கதை எழுதப் பழகியவர்களும் அதையே கைக்கொண்டார்கள். எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினார்கள். குருகுலத்தின் நல்லதை எடுத்துக்கொண்டு, அதன் அடிமைத்தனத்தை விட்டுவிட்டார்கள் என்பதுதான் சிறப்பு. கு.ப.ரா.வின் நகல் என்று சொல்லத்தக்க எழுத்தாளர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

நகல் ஆகியிருக்கக்கூடியவர் ஒருவர் உண்டு. நன்னிலம் பக்கத்துச் சேதனிபுரத்தில் 1919-இல் பிறந்த ஆர். நாராயணசாமி. கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற புனைபெயரிலும் எழுதியவர். வயல்வெளித் தந்திக் கம்பியில் பிளவுபட்ட வாலோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கருங்குருவியைத் தஞ்சாவூர்க்காரர் எவருக்கும் தெரியும். நாராயணசாமி தம்மைக் 'கரிச்சான் குஞ்சு' என்று அழைத்துக்கொண்டார். இதைவிட வெளிப்படையான குருபக்தி இருக்க முடியாது. ஆனால் அவர் 1978-இல் வெளியிட்ட 'பசித்த மானுடம்' நாவலைப் படித்துப் பாருங்கள். தொழுநோய், பணப்பசி, உடற்பசி, சுரண்டல் என்று கு.ப.ரா. எட்டிக்கூடப் பார்த்திராத இருட்டுக்குள் அது நுழைகிறது. கு.ப.ரா. பெண் மனத்தின் ஓரத்தில் நின்று மெல்லச் சொன்ன ஆசையை, இவர் நடுத்தெருவுக்கு இழுத்து வந்து காட்டுகிறார். பெயரில் சீடர், எழுத்தில் தனியர். நல்ல முதல் வாசகர் ஒருவர் தம் சாயலை அடுத்தவர்மேல் திணிக்காமல் இருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

கு.ப.ரா. 1944 ஏப்ரல் 27 அன்று காலமானார். நாற்பத்திரண்டு வயது. கடைசிக் காலத்தில் துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' இதழுக்குத் திருலோக சீதாராமோடு சேர்ந்து ஆசிரியப் பணி செய்தார். ஜானகிராமனின் முதல் நாவலான 'அமிர்தம்' தொடராக வந்ததும் அந்த இதழில்தான். போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு. நாவல் எழுதிப் பழகாத இளைஞன் ஒருவனுக்கு அந்தச் சின்ன இதழ் பக்கம் ஒதுக்கியது. 'அமிர்தம்' பெரிய நாவல் அல்ல. தயக்கமும் பழைய மோஸ்தரும் அதில் தெரியும். ஆனால் அதை எழுதியவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 'மோகமுள்'ளைச் சுதேசமித்திரனில் தொடராக எழுதினார். கத்துக்குட்டி நாவலை வெளியிடத் துணிந்த பத்திரிகை இல்லையென்றால் தேர்ந்த நாவல் வராது.

குரு போன பிறகு வட்டம் கலைந்துவிடவில்லை. 1948-இல் எம்.வி. வெங்கட்ராம் தம் கைப்பணத்தைப் போட்டுத் 'தேனீ' என்ற மாத இதழைக் கும்பகோணத்திலிருந்தே தொடங்கினார். துணைக்குக் கரிச்சான் குஞ்சு. இலக்கியத் தரம் இருந்தது, விற்பனை இல்லை; நீண்ட நாள் நடத்த முடியவில்லை. ஜரிகை வியாபாரமும் பிற்காலத்தில் கைவிட்டுப் போனது. பிழைப்புக்காகச் சென்னைப் பதிப்பகத்துக்குத் தேசத்தலைவர் வாழ்க்கை வரலாறுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும் கொடுமையைப் பல ஆண்டுகள் அனுபவித்து, அதையே 'காதுகள்' என்று நாவலாக்கினார். அவர் எழுதிய 'என் இலக்கிய நண்பர்கள்' இந்த வட்டத்தை அறிய விரும்புகிறவர்கள் முதலில் தேட வேண்டிய புத்தகம். விருதுகளைவிட நண்பர்களைப் பற்றியே ஓர் எழுத்தாளர் தனிப் புத்தகம் எழுதினார் என்பதை நான் மதிக்கிறேன்.

இனி, சொல்லியே தீர வேண்டிய குறை.

தொடக்கத்தில் போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். வெங்கட்ராமைத் தவிர எல்லோரும் பிராமணர், எல்லோரும் ஆண்கள். அவர்கள் சாதிப் பெருமிதம் பேசினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தம் வீட்டுக்குள் இருந்த ஆசாரத்தையும் பொய்யையும் அவர்களைப்போல் தோலுரித்தவர் குறைவு. ஆனால் கதையைப் படித்துக் காட்டும் திண்ணையில் யார் உட்கார முடிந்தது? அதே ஆண்டுகளில் அதே வயல்களில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்த பண்ணையாட்கள் அந்தத் தெருவுக்குள் நடக்கவே முடியாது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அவர்கள் உழைப்புக்குப் பெயரளவுக்குக்கூடச் சட்டக் காப்பு இல்லை. அவர்கள் வீடுகளிலும் கதை இருந்தது. நடவுப் பாட்டில், தாலாட்டில், ஒப்பாரியில், ராத்திரிச் சொல்கதையில் இருந்தது. கேட்டுவிட்டு, இதை எழுது என்று சொல்லும் முதல் வாசகர்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நெல் நாட்டின் மிகச் சிறந்த கதைகளில் நெல்லை விளைவித்தவர் பெரும்பாலும் இல்லாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணம் ஆகாது. அந்த வட்டம் இருந்த தெருவே காரணம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு தஞ்சை மண்ணின் கதையைப் பழையபடி எழுத முடியவில்லை. 1975-இல் அந்தக் கொடுமையைப் பின்னணியாக வைத்துக் 'குருதிப்புனல்' எழுதிய இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்துக்காரர். பள்ளியில் ஜானகிராமனின் மாணவர். கு.ப.ரா.விடமிருந்து ஜானகிராமனுக்கும் அவரிடமிருந்து இந்த மாணவருக்கும் வந்த கண்ணி, குருக்கள் இருவரும் தொடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு திருவாரூர்ப் பக்கத்திலிருந்து சோலை சுந்தரபெருமாள் அதே கொடுமையை வைத்துச் 'செந்நெல்' நாவலை எழுதினார்.

வட்டத்தைத் தெருவுக்கு வெளியே கொண்டுவந்தவர் என்று நான் கருதுவது தஞ்சை ப்ரகாஷை. 1943-இல் பிறந்து 2000-இல் மறைந்தவர். 'கரமுண்டார் வூடு', 'கள்ளம்', 'மீனின் சிறகுகள்' ஆகிய நாவல்களை எழுதியவர், க.நா.சு.வைப் பற்றிச் சாகித்திய அகாதெமிக்காக ஒரு நூல் செய்தவர். ஆனால் அவர் நாவல்களுக்குக் கொடுத்த நேரத்தைவிட அடுத்தவர்கள் எழுதுவதற்குக் கொடுத்த நேரம் அதிகம் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 'கதைசொல்லிகள்' என்றொரு கூட்டம், 'சும்மா இலக்கியக் கும்பல்' என்றொரு கூட்டம், சில சிற்றிதழ்கள் என்று ஏதாவது ஒன்றைத் தொடங்கிக்கொண்டே இருந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கக் கல்லூரிக்குப் படிக்க வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் தஞ்சாவூரில் அவருக்கு நண்பரானார், அவர்தான் பிரபஞ்சன். இடையிருப்பு கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டே 'நெஞ்சின் நடுவே', 'கறிச்சோறு' எழுதிய சி.எம். முத்துவும் அந்த நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர். கு.ப.ரா.வின் காலத்தில் இப்படியொரு ஆள் கைப்பிரதியோடு கும்பகோணத்து அக்ரகாரத்துக்குள் நுழைந்திருப்பாரா என்று யோசித்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் நடந்த மாற்றம் விளங்கும்.

கூடிக் கதை சொல்வது என்ற முறை எழுதப் பழகுகிறவருக்கு ஏன் உதவும்? வாயால் சொல்லும்போது கேட்பவர் முகம் எதிரில் இருக்கிறது. அலுப்புத் தட்டும் இடம் உடனே தெரிந்துவிடும். தேவையில்லாத வர்ணனை வாயிலேயே வராது. பாத்திரத்தின் பேச்சு பொய்யாக இருந்தால், 'எங்க ஊருல இப்படிப் பேச மாட்டாகளே' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 'கரமுண்டார் வூடு' தலைப்பிலேயே பேச்சுமொழியை நிமிர்த்தி வைத்தது தற்செயல் ஆகாது. எழுத்துமொழி வசப்படாதவர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்தது. முதலில் சொல், பிறகு எழுதலாம் என்பதே அதன் வழி.

ப்ரகாஷ் கடிதம் எழுதுவதிலும் சளைக்காதவர். முன்பின் தெரியாத இளைஞன் ஒருவனின் கதை ஏதாவது சிற்றிதழில் வந்தால் அவனுக்குக் கடிதம் போகும். க.நா.சு.வும் தம் தலைமுறையில் இதைச் செய்தார். வலங்கைமானில் பிறந்து சுவாமிமலையில் வளர்ந்த அவர், 'பொய்த்தேவு' போன்ற நாவல்களும் ஐரோப்பிய நாவல்களின் மொழிபெயர்ப்புகளும் போக, யார் என்ன படிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பட்டியல்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. கிராமத்தில் உட்கார்ந்து அடுத்து எதைப் படிப்பது என்று தெரியாமல் தவித்தவனுக்கு அவை எவ்வளவு பெரிய உதவி என்பதை, அப்படித் தவித்தவர்களே சொல்ல முடியும்.

இந்த வரலாற்றை முழுமையாக எழுத நமக்கு வேண்டியவை அச்சான புத்தகங்கள் அல்ல. அவை ஓரளவு கிடைக்கின்றன. வேண்டியவை, திருத்தம் போட்ட கைப்பிரதிகள், 'இந்த இடத்தைச் சுருக்கு' என்று ஓரத்தில் எழுதிய தாள்கள், தபால் அட்டைகள், இன்லண்ட் கடிதங்கள், 'கிராம ஊழியன்', 'தேனீ' போன்றவற்றின் பழைய பிரதிகள். ஒரு கதை முதல் வடிவத்திலிருந்து கடைசி வடிவத்துக்கு எப்படி வந்தது என்று காட்டும் நான்கு தாள்கள், நாற்பது புகழுரைகளைவிட மதிப்புள்ளவை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மாயவரத்திலும் பழைய வீடுகள் விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் பரணிலிருக்கும் காகிதங்கள் எடைக்குப் போகின்றன.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பெரியப்பாவோ கதை எழுதியிருந்தால், எழுத்தாளர் எவரோடாவது கடிதத் தொடர்பு வைத்திருந்தால், அந்தக் கட்டை அவிழ்த்து ஒருமுறை பாருங்கள். தேதி, ஊர், எழுதியவர் பெயரைக் குறித்து வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அச்சில் வராத கதையாக இருந்தாலும், பெயர் தெரியாதவர் எழுதியதாக இருந்தாலும், எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.